ரூத் பிரவுனுக்கு ஏன் காசு வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகி ரூத் பிரவுன் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை ‘ரூத் கட்டிய வீடு’ என்பார்களாம். அப்படிப்பட்டவர் அறுபதுகளில் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார் என்கிறீர்கள். பணத்தைக் கண்டபடி செலவழித்தாரா? இல்லை, தட்டுகள் அவ்வளவாக விற்கவில்லையா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தட்டுகள் நன்றாகவே விற்றன. 1950-இல் வந்த ‘டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்’ பில்போர்ட் இதழின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ், கறுப்பர்களின் ஜனரஞ்சக இசை) பட்டியலில் 11 வாரம் முதலிடம். 1952-இல் ‘5-10-15 ஹவர்ஸ்’, 1953-இல் ‘மாமா, ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்’ (இந்த ‘மாமா’ அம்மா, நம்மூர் மாமா இல்லை), 1954-இல் இன்னும் இரண்டு என எல்லாமே முதலிடத்துக்குப் போனவை. ஊதாரித்தனம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. கோளாறு ஒப்பந்தக் கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்பதற்கு ஒரு உதாரணம், எண்கள் என்னுடையவை. தட்டின் விலை 80 சென்ட், பாடகருக்கு 5 சதவீதம் என்று வையுங்கள். தட்டுக்கு 4 சென்ட். ஒலிப்பதிவுச் செலவு, அதாவது வாத்தியக்காரர் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, இசை அமைத்துக் கொடுத்தவர் கூலி எல்லாம் சேர்த்து 1,500 டாலர். இதை நிறுவனம் முன்பணமாகப் போட்டு, பாடகரின் அந்த 4 சென்ட்டிலிருந்து மட்டும் கழித்துக்கொள்ளும். ஆக 37,500 தட்டு விற்கும்வரை பாடகருக்கு ஒரு காசு கிடையாது. அதற்குள் நிறுவனத்துக்குத் தட்டுக்கு 40 சென்ட் வந்திருந்தால், 15,000 டாலர் உள்ளே போயிருக்கும். போட்ட 1,500-ஐ எப்போதோ எடுத்தாகிவிட்டது, ஆனாலும் ஏட்டில் பாடகர் கடன்காரர்தான்.

இதைவிட மோசம் அடுத்தது. எல்லாப் பதிவுகளும் ஒரே பேரேட்டில் இருக்கும். ஓடாத பாட்டின் கடனை ஓடிய பாட்டின் வரவு தின்றுவிடும். ரூத் 1961-இல் அட்லாண்டிக்கை விட்டு வெளியே வந்தார். அதன் பிறகு பழைய பாடல்கள் திரும்பத் திரும்ப வெளியானபோதும் அவர் கைக்குப் பணம் வரவில்லை.

வானொலியாவது கொடுத்ததா என்றால், அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்கு இன்றும் பாட்டு எழுதியவருக்குத்தான் காசு, பாடியவருக்கு இல்லை. ஒலிப்பதிவுக்கே கூட்டாட்சிச் சட்டத்தில் காப்புரிமை வந்தது 1972 பிப்ரவரியில்தான். ‘ஓ வாட் எ ட்ரீம்’ ரூத் பாடிய அதே 1954-இல் பாட்டி பேஜ் (Patti Page) என்ற வெள்ளைக்காரப் பாடகியும் பாடினார். வெள்ளையர் சந்தையில் அந்தத் தட்டு விற்றால் ரூத்துக்கு அதில் பங்கில்லை. அட்லாண்டிக்கின் இன்னொரு பாடகி லவர்ன் பேக்கர் தன் பாட்டின் வாத்திய அமைப்பை (அரேஞ்ச்மென்ட்) அப்படியே நகலெடுக்கிறார்கள் என்று 1955-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருக்கு எழுதியே பார்த்தார். அந்த அமைப்புக்கு உரிமை கோர அன்று சட்டத்தில் வழி இல்லை.

எண்பதுகளில் ஹோவெல் பீகல் என்ற வழக்கறிஞர், ரூத்தின் ரசிகர், கணக்கைக் கேட்டுக் கிளம்பினார். பல வருட இழுபறிக்குப் பிறகு 1988-இல் அட்லாண்டிக் ரூத்தின் கடனையும் வேறு பல பழைய கலைஞர்களின் கடனையும் தள்ளுபடி செய்து, 1970 முதல் கணக்கிட்டு உரிமைத்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. பழைய பாடகர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளையும் இதிலிருந்துதான் பிறந்தது. என் கணக்கில் ரூத் வாங்கிய டோனி நாடக விருதையும் (1989) கிராமி இசை விருதையும் (1990) விடப் பெரிய சாதனை இதுதான். ரூத் 2006 நவம்பரில் இறந்தார்.

‘ரூத் கட்டிய வீடு’ என்பது பேஸ்பால் வீரர் பேப் ரூத்தை வைத்து நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்துக்குச் சொன்ன பட்டம். பெயர் ஒத்துப்போனதால் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

கேட்க ஆரம்பிப்பதானால் 1949-இன் ‘சோ லாங்’கை முதலில் வையுங்கள். மெதுவான காதல் பாட்டு, குரல் ஒழுங்காக நடக்கும். அடுத்து 1953-இன் ‘மாமா’. கஞ்சிரா போன்ற டாம்பரின் சத்தத்தோடு தொடங்கும். வரி முடிகிற இடத்தில் குரல் சட்டென உடைந்து மேலே கீச்சிடும். ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் தன் ‘லூசில்’ பாட்டில் அந்தப் பெயரை இழுத்து முடிப்பது நினைவிருக்கிறதா? அதை ரூத்திடமிருந்து எடுத்ததாக ரிச்சர்டே சொல்லியிருக்கிறார்.