அமர் சேவா சங்கம் எப்படி இவ்வளவு வளர்ந்தது?

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தத் தொண்டு நிறுவனம், தென்காசி அருகே ஆய்க்குடியில், 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. அவர் 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஐந்து குழந்தைகளோடு, கூரைக் கொட்டகையில்தான் ஆரம்பம். 1992-இல் எஸ். சங்கரராமன் சேர்ந்தார், தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர். கணக்கு வழக்கு சுத்தமாக இருந்தால்தான் நன்கொடை தொடர்ந்து வரும்.

என் பார்வையில் உண்மையான வளர்ச்சி வளாகத்துக்கு வெளியேதான். பேருந்து ஏற முடியாத குழந்தையைத் தேடிக் களப்பணியாளர் வீட்டுக்கே போகிறார், அம்மாவுக்குப் பயிற்சி சொல்லித்தருகிறார். வல்லுநர்கள் செயலி வழியே முன்னேற்றத்தைக் கவனிக்கிறார்கள். ஏனென்றால் மாதம் ஒருநாள் சிகிச்சை போதாது, தினமும் வேண்டும். உதாரணமாக, மூளை முடக்குவாதக் குழந்தைக்கு (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத குழந்தை) நாற்காலி உயரமானால் பாதம் தொங்கும், இடுப்பு வழுக்கும், பென்சில் பிடிக்க வராது. காலடியில் ஒரு பலகை வைத்தாலே கை நிதானப்படும்.