ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ நிற்பதில்லை?

கேள்வி: செக்குக் கடையில் கடலை எண்ணெய் ஒரு கிலோ பாட்டில் 300 ரூபாய். மளிகைக் கடையில் அதே மரச்செக்கு எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட் 280 ரூபாய். இருபது ரூபாய் மிச்சம் என்று பாக்கெட்டை வாங்கினேன். வீட்டுத் தராசில் 915 கிராம்தான் நிற்கிறது. அளவைக் குறைத்துவிட்டார்களா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: அளவு சரிதான் அம்மா, கணக்குதான் உதைக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். மிச்ச ஐந்து கிராம் பாக்கெட்டின் எடை.

இப்போது விலைக்கு வருவோம். கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் விலை வந்துவிடும். 300 ரூபாய் கிலோ எண்ணெய், லிட்டருக்கு 273 ரூபாய். நீங்கள் கொடுத்தது 280. மிச்சம் பிடித்ததாக நினைத்த இடத்தில் ஏழு ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது.

பாக்கெட்டில் லிட்டரோடு கிராமும் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். எண்ணெய் சூட்டில் விரியும். அதனால் சில கம்பெனிகள் ‘60 டிகிரியில் ஒரு லிட்டர்’ என்று போட்டு, உள்ளே எடையைக் குறைத்து அடைத்தன. சித்திரை வெயிலில்கூட நம் சமையலறை 60 டிகிரியைத் தொடாது! மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போட வேண்டும், எடையையும் சேர்த்துப் போட வேண்டும் என்று சொன்னது. அச்சிட்ட கிராமைவிட உங்கள் பாக்கெட் குறைவாக நின்றால் மட்டும் புகார் செய்யுங்கள். எண்ணெயை உபயோகிக்காமல், பில்லோடு எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்டத்தில் எடையளவு விஷயங்களைப் பார்ப்பது தொழிலாளர் துறைதான்.

தேன் இதற்கு நேர் எதிர். ஒரு லிட்டர் தேன் 1.4 கிலோ வரும். மலையடிவாரத்தில் பாட்டில் கணக்கில் தேன் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

கேள்வி: சந்தையில் ராகியைப் படியில் அளந்து தருகிறார்கள். ஒரு படி எத்தனை கிலோ?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எந்தப் படி என்று கேட்க வேண்டியிருக்கிறதே! ஊருக்கு ஊர் படி மாறும். குவித்து அளந்தால் ஒன்று, தலை தட்டி அளந்தால் வேறொன்று. பாத்திரத்தின் அடி உள்ளே ஒடுங்கியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் தலை தட்டி அளந்த ராகி முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும்; அரிசி அதைவிடக் கொஞ்சம் கனம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரம் கிலோ, கிராம், லிட்டர் கணக்கில்தான் நடக்க வேண்டும். "தராசில் போடுங்க அண்ணா" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: வீடியோவில் ‘ஒரு கப் ராகி மாவு’ என்கிறார்கள். அது எத்தனை கிராம்?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: களி கிண்டவா, கேக் சுடவா? களிக்கு கிராமே வேண்டாம். மாவை அளந்த டம்ளரிலேயே தண்ணீரையும் அளந்தால் விகிதம் சரியாக இருக்கும், டம்ளர் எந்த அளவாக இருந்தாலும். கேக் என்றால் தராசுதான். வீடியோ கப் பெரும்பாலும் 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் 200 மில்லியோ அதற்கும் குறைவோ. போதாக்குறைக்கு மாவை அமுக்கி அளந்தால் எடை தாராளமாக ஏறிவிடும். சர்க்கரையை அமுக்க முடியாது, ஆகவே அதில் இந்தச் சிக்கல் குறைவு: 240 மில்லி கப்புக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.