சுற்றுப் பாவனையும் வடிப்பான்களும்: கேள்வி பதில்

கேள்வி: 1.6 கிலோஓம் மின்தடையும் 100 நானோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட லோ-பாஸ் வடிப்பானில் (தாழ் அதிர்வெண்களை மட்டும் கடக்கவிடும் சுற்று), 1 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கம் கிடைத்தது. அதே போன்ற இன்னொன்றை அதன் பின்னால் இணைத்து 6 டெசிபலை எதிர்பார்த்தேன். சுற்றுகளைக் கணினியில் பாவனை செய்து பார்க்கும் எல்டிஸ்பைஸ் 9.5 என்று காட்டுகிறது. மென்பொருளில் பிழையா?

பதில்: மென்பொருள் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. மூன்றையும் மூன்றையும் கூட்டி ஆறு என்று சொல்ல வேண்டுமானால், இரண்டாம் கட்டம் முதற்கட்டத்திலிருந்து மின்னோட்டம் எதையும் இழுக்கக் கூடாது. உங்கள் சுற்றில் அது தாராளமாக இழுக்கிறது. அதனால் அந்த அதிர்வெண்ணில் வெளியீடு உள்ளீட்டில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அதுதான் நீங்கள் கண்ட 9.5 டெசிபல். வெட்டு அதிர்வெண் எனப்படும் 3 டெசிபல் புள்ளியும் சுமார் 370 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டத்தில் 16 கிலோஓமும் 10 நானோஃபாரடும் வைத்தால் சுமை பத்தில் ஒன்றாகக் குறைந்து, இறக்கம் 6.4 டெசிபலுக்கு வந்துவிடும்.

ஆனாலும், தடைகளையும் தேக்கிகளையும் மட்டும் எத்தனை அடுக்கினாலும் வெட்டு அதிர்வெண்ணருகே வளைவு மழுங்கியே இருக்கும். ஏனெனில் அத்தகைய இரண்டாம் வரிசைச் சுற்றில், வளைவின் கூர்மையைச் சொல்லும் தரக்காரணி 0.5-ஐ எட்டுவதில்லை. கடக்கவிடும் பகுதியில் வளைவு சமதளமாக இருக்கும் பட்டர்வொர்த் வடிப்பானுக்கு 0.707 தேவை. அதற்கு 1955-இல் சாலன், கீ என்ற இருவர் வெளியிட்ட, வெளியீட்டின் ஒரு பகுதியை மின்தேக்கி வழியாகத் திருப்பி அனுப்பும் ஆப்-ஆம்ப் (செயற்பாட்டுப் பெருக்கி) சுற்றைப் பயன்படுத்தலாம். பெருக்கம் ஒன்றாகவும் இரு தடைகளும் சமமாகவும் இருக்கும்போது, பின்னூட்டத் தேக்கி மற்றதைப் போல் இரு மடங்காக இருந்தால் போதும். 11 கிலோஓம் இரண்டும் 10 நானோஃபாரட் மூன்றும் வாங்கி, தேக்கிகளில் இரண்டைப் பக்க இணைப்பாக வைத்தால், ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் வடிப்பான் கிடைத்துவிடும்.

கேள்வி: 12 வோல்ட்டில் இயங்கும் என் பெருக்கி, ஏசி பகுப்பாய்வில் 100 வோல்ட் தருகிறதே?

பதில்: அதிர்வெண் வாரியாகப் பெருக்கத்தைக் காட்டும் ஏசி பகுப்பாய்வு, முதலில் இயங்குபுள்ளியை (உள்ளீட்டு அலை இல்லாதபோதுள்ள மின்னழுத்த, மின்னோட்ட நிலை) கண்டுபிடித்து, அங்கே சுற்றை நேர்கோட்டுச் சுற்றாக்கிக்கொள்கிறது, அதன் பிறகு மின்வழங்கியின் எல்லை அதற்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த 1 வோல்ட் ஓர் அளவுகோல் மட்டுமே என்பதால், விடையைப் பெருக்கம் 100 என்று படிக்க வேண்டும். அலை எங்கே வெட்டுப்படுகிறது என்று அறிய நேரம் செல்லச் செல்ல அலை மாறுவதைக் கணக்கிடும் டிரான்சியன்ட் பகுப்பாய்வை ஓட்டுங்கள்.

கேள்வி: 1 மெகாஓம் தடையை வைத்தும் அது குறுக்குச்சுற்றுப் போல் நடந்துகொள்கிறது.

பதில்: எண்ணுக்குப் பின் 'எம்' என்ற ஓர் எழுத்தை மட்டும் போட்டிருப்பீர்கள். 1970-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் பிறந்த, எல்டிஸ்பைஸுக்கு மூலமான ஸ்பைஸ் மென்பொருள், பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று பிரிப்பதில்லை. 'எம்' என்றால் அதற்கு மில்லி. 'மெக்' என்று மூன்று எழுத்துகளையும் எழுதுங்கள். தேக்கியின் மதிப்புக்குப் பின் 'எஃப்' மட்டும் போட்டாலும் ஃபாரட் ஆகாது, ஃபெம்டோ என்ற மிக நுண்ணிய அளவாகிவிடும்.

கேள்வி: சைன் அலையை உருவாக்கும் வீன் பாலம் அலையியற்றி பலகையில் ஓடுகிறது, பாவனையில் அசையவே இல்லை.

பதில்: உங்கள் மேசையில் இரைச்சல் உண்டு, மின்வழங்கியை இயக்கும் அதிர்ச்சியும் உண்டு. கணினியிலோ எல்லா முனைகளும் துல்லியமான சமநிலையில் தொடங்குகின்றன. தள்ளிவிட ஆளில்லாத ஊஞ்சல் அது. ஒரு தேக்கிக்குத் தொடக்க மின்னழுத்தமாக 1 மில்லிவோல்ட் கொடுங்கள், அல்லது மின்வழங்கியைச் சுழியிலிருந்து ஏற்றுங்கள். கால இடைவெளியையும் சிறியதாக வையுங்கள். இல்லையேல் சைன் அலை கோணல்மாணலாகத் தெரியும்.

கேள்வி: உண்மைச் சுற்றின் வெட்டு அதிர்வெண் பாவனையில் உள்ளதைவிட மிகவும் உயர்ந்திருப்பது ஏன்?

பதில்: சிறிய பீங்கான் தேக்கியின் மீது நேர்மின்னழுத்தம் நின்றால், அதன் தேக்குதிறன் எழுதியுள்ள மதிப்பிலிருந்து கணிசமாகச் சரியக்கூடும், தேக்குதிறன் குறைந்தால் வெட்டு அதிர்வெண் ஏறும். வரைபடத்திலுள்ள தேக்கிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. முதலில் அதை எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள பிலிம் தேக்கியை வைத்து மீண்டும் அளந்து பாருங்கள்.