மண்புழுத் தொட்டிக்குள்ள விசிறித்தலைப் புழு

கேள்வி: ஐயா, விசுவமடுவில வாழையோட மண்புழுப் பசளையும் செய்யிறன். மழை விட்ட காலமை தொட்டிக்கு மேல கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கினா முக்கால் அடி நீளத்தில வழுவழுத்த புழு ஒண்டு, தலை விசிறி மாதிரி, ஒரு மண்புழுவைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு கிடக்குது. மகன் மண்வெட்டியால ரெண்டாக்கிப் போட்டான். போன மாசம் லொறியில வந்த பூங்கன்று 6 வாங்கித் தொட்டிக்குப் பக்கத்து நிழலில வைச்சனான், அதையும் தின்னுமோ எண்டு பயமா இருக்கு. மருந்துக்கடைக்காரர் தொட்டிக்குத் தூவச் சொல்லி ஒரு குருணை தந்தவர். தூவலாமோ?

பதில்: தங்கச்சி, அந்தப் பக்கெற்றைத் திறக்காமத் திருப்பிக் குடுங்கோ. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் அது. முதல்ல சாகிறது நீங்கள் வளர்க்கிற மண்புழு, பிறகு அந்தப் பசளையைக் கீரைப் பாத்திக்கும் போடுவியள். கடைக்காரருக்கு எல்லாப் புழுவும் ஒரே புழுதான், லாச்சியில எது மிஞ்சிக் கிடக்குதோ அதுதான் மருந்து.

மகன் வெட்டின துண்டு ரெண்டையும் தேடி எடுங்கோ. நீங்கள் கண்டது தட்டைப்புழு, மண்புழுவைத் தின்னுற சாதி. அது வெட்டினாச் சாகாது, தானாவே வால் நுனியைக் கழட்டி விட்டிட்டுப் போகும், 10 நாள் மட்டில அந்த நுனிக்குத் தலை முளைச்சிடும். தடியால அள்ளிப் போத்தலுக்குள்ள போட்டு ஒரு பிடி உப்பைக் கொட்டி மூடுங்கோ, உப்பு தொட்டிக்குள்ள மட்டும் விழக்கூடாது. வெறுங்கையால தொடாதேங்கோ, முல்லைத்தீவுக் கரையில வலையில வாற பேத்தை மீனை எறியிறமெல்லோ, அதில இருக்கிற நஞ்சு இந்தக் குடும்பத்து ரெண்டு இனத்தில இருக்கெண்டு 2014 இல கண்டுபிடிச்சவை. தொட்டிருந்தா சவுக்காரம் போட்டுக் கழுவினாக் காணும். மற்றதுகளைப் பிடிக்க, தொட்டிக்கு வெளியில நனைச்ச சாக்கை விரிச்சு விட்டு விடியப்புறம் தூக்கிப் பாருங்கோ, வெயில் ஏற முதல்.

பூங்கன்றை அது தின்னாது, ஆனா வந்ததே அந்தக் கன்றோடதான் எண்டு நினைக்கிறன். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். முதுகில 5 கறுப்புக் கோடும் கழுத்தில முழுசாச் சுத்தாத கறுப்புப் பட்டியும் இருந்தா அது தென்கிழக்காசியாப் பக்கத்துப் புழு, 1878 இல லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில வைச்சுத்தான் அதுக்குப் பேரே வைச்சவை, அங்க போனதும் சட்டி மண்ணோடதான். நியூசிலாந்துத் தட்டைப்புழுவும் இப்பிடித்தான் 1963 இல வட அயர்லாந்தில தலைகாட்டி, அங்கத்தைய மேய்ச்சல் நிலத்து மண்புழுவைக் குறைச்சுப் போட்டுது. எங்கட செம்மண் கோடையில வறண்டு கிடக்கிறதால வெட்டவெளி வயலில அது நிக்காது, ஆனா நீங்கள் தண்ணி விடுற வாழையடியும் கிணத்தடியும் அதுக்குச் சொர்க்கம்.

பிடிவாதக் கிழவன் எண்டு சொன்னாலும் பரவாயில்லை, மண்ணோட வாற கன்றை வாங்காதேங்கோ. விதை வாங்குங்கோ, தடி வெட்டி வைச்சு வேர் பிடிப்பியுங்கோ. லொறிக்காரனுக்கு அந்த மண் எந்த ஊர் மண்ணெண்டு தெரியாது, கேட்டா "நல்ல மண் அக்கா" எண்டுவான். நானும் ஒருக்கா மாங்கன்று வாங்கிப் பையைக் கிழிச்சா வேருக்குள்ள குஞ்சு நத்தையள், அந்த வருசம் பூசணி ஒண்டும் மிஞ்சேல்லை. வாங்கித்தான் ஆகவேணுமெண்டா பையைக் கவிட்டு அடி ஓட்டையைப் பாருங்கோ, காய்ஞ்ச சளிக்கோடு பளபளக்குதெண்டா அங்கயே விட்டிட்டு வாங்கோ. உங்கட 6 கன்றையும் இண்டைக்கே தொட்டியடியில இருந்து தூக்கி ஒரு காய்ஞ்ச கல்லுக்கு மேல வையுங்கோ, 2 கிழமைக்கு அடியைப் பாத்துக்கொண்டே இருங்கோ.

ஒண்டு மட்டும், காட்டோரத்தில காணுற விசிறித்தலை எல்லாத்தையும் உப்புப் போடாதேங்கோ. இலங்கைக்கெண்டே உரிய இனங்கள் இருக்கு, 1862 இலயே ஹம்பேர் எண்ட ஆய்வாளர் எழுதி வைச்சவர், அதுகள் ஆரையும் கெடுக்கேல்லை. போத்தலுக்குள்ள பிடிச்சதை உப்புப் போட முதல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, பக்கத்தில நெருப்புப்பெட்டி ஒண்டு வைச்சு, கழுத்து வடிவாத் தெரியிற மாதிரி.