திவாலானவரின் வீட்டை வாங்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். கோவிலில் பழக்கமான ஒருவரின் வீட்டை வாங்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டோம். முன்பணத்தில் 60,000 ராண்ட் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியே வைக்கும் கணக்கு) இருக்கிறது. அவசரம் என்றதால் 20,000 ராண்டை அவர் கையிலேயே கொடுத்தோம். இப்போது அவர் திவாலாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவரோ, "ஒன்றும் ஆகாது, பதிவை முடித்துவிடலாம்" என்கிறார். வீடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கலாம் அம்மா. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர் அல்லர்.

முதலில், உயர் நீதிமன்றம் திவால் ஆணை பிறப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் ஆலோசகரிடம் போய்த் தவணையைக் குறைத்துக்கொண்டவரையும் ஊரில் திவால் என்றுதான் பேசுவார்கள். அப்படிப்பட்டவரின் வீடு இன்னும் அவருடையதே. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தேடினால், ஆணை இருந்தால் அந்தக் குறிப்பு தெரியவரும்.

ஆணை வந்திருந்தால், தென்னாப்பிரிக்காவின் 1936ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி வீடு அவர் கையை விட்டுப் போய்விட்டது. முதலில் திவால் சொத்துகளை மேற்பார்வையிடும் அதிகாரியான உயர் நீதிமன்ற மாஸ்டரிடமும், நியமனம் ஆனதும் அந்தச் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியிடமும் அது சேர்கிறது. இனி தேதிதான் எல்லாம். ஆணைக்குப் பிறகு நீங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தால், அவருடைய கையெழுத்து டிரஸ்டியைக் கட்டுப்படுத்தாது. ஆணைக்கு முன்பே போட்டிருந்தால், அதை நிறைவேற்றுவதா, கைவிடுவதா என்று டிரஸ்டி முடிவு செய்வார். கடன்காரர்களுக்கு, அதாவது திவாலானவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, ஆதாயம் இருந்தால் நிறைவேற்றுவார். உங்கள் விலை குறைவென்று பட்டால் கைவிடவும் செய்வார்.

பணத்துக்கு வருவோம். பதிவாகும்வரை உங்கள் பொருட்டே வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த 60,000 பத்திரமாக இருக்கும். கையில் கொடுத்த 20,000தான் எனக்குக் கவலை. ஆணைக்கு முன் கொடுத்திருந்தால், அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குப் பின்னால், பாதுகாப்பில்லாத கடன்காரர்களோடு வரிசையில் நிற்பீர்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. சொத்தில் மிச்சம் போதாவிட்டால், உரிமை கோரிப் பதிவு செய்த கடன்காரர்களே திவால் நடவடிக்கைச் செலவில் பங்கு கட்ட நேரிடும். இருபதாயிரத்தைத் தேடிப் போய் மேலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சொத்தின் நிலையை டிரஸ்டியிடம் கேட்டறியாமல் உரிமைகோரல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். ஆணைக்குப் பின் கொடுத்திருந்தால், பணம் வாங்கிய நண்பரிடமேதான் திரும்பக் கேட்க வேண்டும்.

டிரஸ்டி ஒப்பந்தத்தைக் கைவிட்டாலும், அந்த டிரஸ்டியிடமே புதிதாக வாங்கலாம், பலர் வாங்குகிறார்கள். பொதுவாகக் கடன்காரர்களின் இரண்டாம் கூட்டத்துக்குப் பிறகே, அவர்கள் சொல்லும் முறையில் அவர் விற்பார். அதற்கு முன் விற்க மாஸ்டரின் அனுமதி வேண்டும். மாதங்கள் ஓடும். இருக்கும் நிலையிலேயே விற்பார்கள் என்பதால் கூரையையும் குழாய்களையும் முன்பே பாருங்கள். டர்பனின் எத்தெக்வினி போன்ற நகராட்சிகளுக்கு உள்ள பழைய பாக்கிக்குப் புதிய உரிமையாளர் பொறுப்பல்ல என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டது. வீட்டில் பழைய உரிமையாளரின் குடும்பம் தங்கிவிட்டால், நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாது. காலி செய்துதர வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதைப் புதிய ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த வாரமே டிரஸ்டிக்கு எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தப் பிரதியை இணையுங்கள். பதில் வரும்வரை அந்த நண்பரிடம் இன்னொரு ராண்டும் கொடுக்க வேண்டாம்.