ஸ்பைடர் ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் ரம்மி ஆட இப்போது ஆள் சேர்வதில்லை. தனியாக ஆடும் ஸ்பைடர் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, ரம்மிக்கு வைத்திருந்த இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டு பாய் விரித்து உட்கார்ந்தேன். விதிகள் புரிந்துவிட்டன. ஆனால் மூன்று மாதமாக ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. கடைசிச் சீட்டு போடுவதற்குள் எல்லாம் அடைத்துக்கொள்கிறது. இது வெறும் அதிர்ஷ்டம்தானா? போனில் ஆடினால் தப்பு செய்தபோது பின்னால் போய்க்கொள்ளலாம் என்கிறாள் என் மகள். எனக்கு அது கள்ள ஆட்டமாகப் படுகிறது. இதை எப்படிக் கற்றுக்கொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அதிர்ஷ்டம் உண்டுதான். ஆனால் மூன்று மாதமும் தோற்றதற்கு அது காரணமாக இருக்காது. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே இதன் மிகக் கடினமான வடிவத்தில் இறங்கிவிட்டீர்கள், அதுவும் ரம்மி ஆடிய கையோடு.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோக்கர் நீக்கிய இரண்டு கட்டு, மொத்தம் 104 சீட்டு. பத்து வரிசை. முதல் நான்கில் ஆறாறு, மற்ற ஆறில் ஐந்தைந்து, ஆக 54 சீட்டு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் நிமிர்ந்திருக்கும், மற்றவை கவிழ்ந்திருக்கும். மிச்சம் 50 சீட்டை, வரிசைக்கு ஒன்றாக, ஐந்து தடவை போடலாம். எந்தச் சீட்டையும் அதற்கு ஒன்று மேலான சீட்டின்மேல் வைக்கலாம், சின்னம் வேறாக இருந்தாலும் சரி. ஆனால் ஒரே சின்னத்தில் இறங்கும் தொடரை மட்டும்தான் மொத்தமாக நகர்த்த முடியும். ராஜாவிலிருந்து ஆஸ் வரை 13 சீட்டும் ஒரே சின்னத்தில் சேர்ந்தால் அந்தத் தொடரை எடுத்துவிடலாம். அப்படி எட்டுத் தொடர் எடுத்தால் ஜெயம். சிலந்திக்கு எட்டுக் கால் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள்.

ரம்மியில் மூன்று சீட்டு சேர்ந்தாலே மனம் குளிர்ந்துவிடும். வேண்டாததை இறக்கிவிடலாம். ஸ்பைடரில் இறக்குவதற்கு இடம் கிடையாது. வேண்டாத சீட்டும் யாரோ ஒருவர் தலைமேல்தான் உட்கார வேண்டும். அதனால் சீட்டைச் சேர்ப்பதைவிட, கவிழ்ந்து கிடக்கும் 44 சீட்டை நிமிர்த்துவதுதான் முதல் வேலை. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால், இதனால் ஒரு சீட்டு நிமிருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் நிஜச் சீட்டு இருப்பது பெரிய வசதி. சின்னத்தை மறந்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். இஸ்பேடும் கிளாவரும் ஒன்று, ஆட்டினும் டைமண்டும் ஒன்று. அவ்வளவுதான், கணினியில் ‘இரண்டு சின்னம்’ என்று வரும் ஆட்டம் உங்கள் பாயிலேயே வந்துவிடும். அதுவும் கஷ்டமாக இருந்தால் நிறத்தையும் மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்த்துப் பத்து ஆட்டம் ஆடுங்கள். நான் தொடங்கியது அப்படித்தான்.

இப்போது ஓர் உதாரணம். ஆட்டத் தொடக்கத்தில் ஒரு வரிசையின் நுனியில் கறுப்பு ராணி, இன்னொன்றில் சிவப்பு ஜாக்கி, மூன்றாவதில் கறுப்பு 10 இருக்கின்றன என்று வையுங்கள். கை உடனே 10-ஐ எடுத்து ஜாக்கிமேல் வைக்கப் போகும். வைத்துவிட்டால் ஜாக்கியும் 10-ம் வேறு வேறு நிறம், இனிமேல் இரண்டையும் சேர்த்துத் தூக்கி ராணிமேல் வைக்க முடியாது. ஒரு சீட்டு நிமிரும், அதோடு சரி. முதலில் ஜாக்கியை ராணிமேல் வைத்து, அப்புறம் 10-ஐ ஜாக்கிமேல் வைத்துப் பாருங்கள். இரண்டு சீட்டு நிமிரும். நிறம் கலந்து வைக்க வேண்டி வந்தால் பெரிய சீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. இன்னொன்று, வலதுபக்கம் உள்ள ஆறு வரிசைகளில் கவிழ்ந்தவை வரிசைக்கு நான்குதான், இடதுபக்க நான்கில் வரிசைக்கு ஐந்து. வேறு வித்தியாசம் இல்லாதபோது வலதுபக்கம் தோண்டுங்கள்.

எதற்காகத் தோண்டுகிறோம்? ஒரு வரிசையைக் காலி செய்வதற்காக. காலி வரிசை கிடைத்ததும் புதியவர்கள் அதில் எதையாவது வைத்துவிடுகிறார்கள். வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுப்பதில்லை போலும். அந்த வெறுமைதான் இந்த ஆட்டத்தில் இருக்கும் ஒரே செல்வம். கறுப்பு 9-இன்மேல் சிவப்பு 8 உட்கார்ந்திருக்கிறது, வேறெங்கோ கறுப்பு 10 திறந்திருக்கிறது என்று வையுங்கள். 8-ஐக் காலி இடத்தில் வையுங்கள், 9-ஐ 10-க்கு அனுப்புங்கள், 8-ஐ மறுபடி 9-இன்மேல் வையுங்கள். கறுப்பு 10-ம் 9-ம் ஒரே நிறத் தொடர் ஆகிவிட்டன, 9-க்குக் கீழே இருந்த சீட்டு வெளியே வந்துவிட்டது, காலி இடமும் திரும்பக் கிடைத்துவிட்டது! இந்த ஒன்றைக் கை பழகிக்கொண்டால் உங்கள் ஆட்டமே மாறிவிடும். ராஜாவை மட்டும் யோசித்து வையுங்கள். அவருக்குக் காலி இடம் தவிர வேறு போக்கிடம் இல்லை, ஆனால் உட்கார்ந்தால் ஆஸ் வரை முழுத் தொடர் அமையும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அடைத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் சீட்டு போட அவசரப்படுவதால் வருவது. புதிய பத்துச் சீட்டு நீங்கள் கட்டிய எல்லாவற்றின் மேலும் விழும். அதனால் இனி ஒரு நகர்த்தலும் இல்லை என்று உறுதியான பிறகே போடுங்கள். காலி வரிசை இருந்தால் போடுவதற்கு முன் அதில் ஒரு சீட்டு வைத்தாக வேண்டும், விதி அது. அப்போதும் ஒரே நிறத் தொடரை உடைக்காமல், நிறம் கலந்து நிற்கும் ஒரு நுனிச் சீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து மகள் சொன்னது. நான் இந்த ஆட்டத்தைக் கற்றதே கணினியில்தான், விண்டோஸ் எக்ஸ்பியில். அதில் 500 புள்ளியில் தொடங்கி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புள்ளி குறையும், தொடர் முடித்தால் 100 கூடும். புள்ளி போய்விடுமே என்று நகர்த்தவே தயங்கிக் கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டேன். பாயில் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் போவதைப் பொறுத்தவரை என் கணக்கு இது: சீட்டு நிமிர்வதற்கு முன் திருப்பி எடுத்தால் அது யோசனை, தயங்காமல் செய்யுங்கள். நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டுத் திருப்பினால் அது எட்டிப் பார்த்தல். உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் தோற்ற பிறகு, கடைசியாகச் சீட்டு போட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு வழி இருந்ததா என்று தேடுங்கள், அதை ஜெயித்த கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தேடலில் நான் கற்றது அதிகம். அதற்கு மகளின் போன் உண்மையிலேயே உதவும்.

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைவிட, முதல் வரிசை எப்போது காலியானது என்பதைக் குறியுங்கள்: முதல்முறை சீட்டு போடுவதற்கு முன்பா, இரண்டாம் முறைக்குப் பிறகா, கடைசிவரை ஆகவே இல்லையா? இந்த மாதம் முழுக்கக் கறுப்பு–சிவப்பு ஆட்டம் மட்டும் ஆடுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், நான்கு சின்னங்களையும் பார்த்து ஆடும் ஆட்டத்தை அப்புறம் பேசலாம்.

அன்புடன்.