முடிச்சு அவிழ்வதை முதலில் காட்டுங்கள்

கேள்வி: மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் குடியிருக்கிறோம். மாமியார் காலத்திலிருந்தே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற குடும்பம். கூலிக்குக் கட்டியது போக, இப்போது நாங்களே துணி எடுத்து, முடிச்சுப் போட்டு, சாயம் ஏற்றி, தெரிந்தவர்களுக்கு விற்கிறோம். கடைத்தெருவில் பிரிண்ட் சேலை எங்கள் விலையில் கால்வாசிக்குக் கிடைப்பதால் புதிய ஆட்கள் வருவதில்லை. மகன் பிளாக் எழுதச் சொல்கிறான், நாத்தனார் யூடியூப் என்கிறார், இன்னொருவர் பாட்காஸ்ட்தான் இனி எல்லாம் என்கிறார். கையில் ஒரு போன்தான் இருக்கிறது. எதில் தொடங்குவது? முகம் காட்டாமல் முடியுமா? டிசைனைக் காப்பியடித்துவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: வீடியோவில் தொடங்குங்கள். எல்லோரும் அதைச் செய்கிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் சரக்குக்குப் போட்டோவே எதிரி. அச்சில் வந்த புள்ளி ஒரே அளவில், ஒரே வரிசையில், பளிச்சென்று நிற்கும். கையால் கட்டிய புள்ளி ஒன்று கொஞ்சம் பெரிசு, ஒன்று சிறிசு. பல நேரம் வளையமாக விழுந்து நடுவில் சாயம் ஏறிய பொட்டு ஒன்று இருக்கும். துணியும் அங்கங்கே கூம்பிச் சுருங்கியிருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்துப் பக்கத்தில் வைத்தால், விவரம் தெரியாதவர் அச்சுச் சேலையைத்தான் ‘நீட்டா இருக்கு’ என்பார். விலை நாலு மடங்கு என்று நீங்கள் சொன்னதும் போனை வைத்துவிடுவார்.

சாயம் ஏற்றிக் காயவைத்த சேலையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று தெறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெள்ளைப் புள்ளி வெளிவருகிறதே, அதை அச்சு போடுகிறவரால் காட்டவே முடியாது. உங்கள் முதல் வீடியோ அதுதான். முப்பது விநாடி போதும். நடுவில் வெட்டாமல், ஒட்டாமல், ஒரே ஓட்டமாக எடுங்கள். வெட்டு விழுந்த இடத்தில் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். ‘வணக்கம் மக்களே, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா’ என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த வரி முடிவதற்குள் பார்ப்பவர் விரல் அடுத்த வீடியோவுக்குப் போயிருக்கும். முதல் விநாடியிலேயே முடிச்சு தெறிக்கட்டும்.

எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். முடிச்சு தெறிக்கும் சத்தம்தான் பாதி வீடியோ, அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டு மூடாதீர்கள். பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து, வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தை அவருக்குத் திருப்பிவிடலாம், வீடியோவையே முடக்கவும் செய்யலாம். இன்ஸ்டாகிராமிலும் வியாபாரக் கணக்குகளுக்கு எல்லாப் பாட்டும் திறந்திருக்காது. இசை வேண்டுமென்றால் யூடியூபே இலவசமாகத் தரும் இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நிறத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆன்லைனில் சேலை திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் ‘படத்தில் வேறு கலர்’ என்பதுதான். போன் கேமரா வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே நிறத்தை மாற்றும். குண்டு பல்பு வெளிச்சத்தில் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். அதனால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு, நேர் வெயில் விழாத வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். லென்ஸை முந்தானையால் துடைத்துவிட்டு எடுங்கள், கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதுதான் செலவில்லாத முதல் திருத்தம். ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணி தெரிகிற மாதிரி விரித்துவைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடும். ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

முகம் காட்ட வேண்டியதில்லை. துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கும் நகத்தையும் விரலையும் பார்க்கத்தான் ஆள் வருவார்கள். ஆனால் குரல் இருக்கட்டும். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது மாதிரி, மதுரைப் பேச்சிலேயே சொல்லுங்கள். செய்தி வாசிப்பவர் குரலில் சேலை விற்பதைக் கேட்டால் எனக்கு என்னவோ துணிமேல் நம்பிக்கை போய்விடுகிறது. உங்களோடு முடிச்சுப் போடும் மற்ற பெண்களை எடுப்பதானால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது ஆட்சேபித்து, மூன்று மாதம் கழித்து வீடியோவைத் தூக்கச் சொல்வது எல்லோருக்கும் சங்கடம்.

அந்த முப்பது விநாடியை யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இரண்டிலும் போடலாம். ஷார்ட்ஸில் இப்போது மூன்று நிமிடம் வரை இடம் உண்டு, அதற்காக இழுக்க வேண்டாம். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலோ பின்னூட்டத்திலோ நீங்கள் போடும் இணைப்பு வெறும் எழுத்தாகத்தான் தெரியும், தொட்டால் திறக்காது. 2023 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான். ‘லிங்க் கீழே இருக்கு’ என்று சொல்லிவிட்டால் பார்ப்பவர் தட்டித் தட்டிப் பார்த்துப் போய்விடுவார். ஷார்ட்ஸை உங்கள் சேனலிலேயே உள்ள வேறொரு நீண்ட வீடியோவோடு கோர்க்க யூடியூபில் வசதி இருக்கிறது. அதனால் நீண்ட வீடியோ ஒன்றும் தயாராக இருக்க வேண்டும்: வெள்ளைத் துணியில் புள்ளி குறிப்பதில் தொடங்கி, கட்டு, சாயம், காயவைப்பது, இழுப்பு, கடைசியில் மடிப்பு வரை, போனைப் படுக்கைவாக்கில் பிடித்து, எட்டு பத்து நிமிடம். கட்டி முடிக்க இத்தனை நாள் என்று அதில் சொல்லுங்கள். விலையைப் பற்றித் தனியாக வாதாடும் வேலை குறையும். சின்ன வீடியோ ஆளைக் கூட்டிவரும். பர்ஸைத் திறக்கவைப்பது இந்த நீண்ட வீடியோதான்.

தலைப்பில் கவிதை எழுதாதீர்கள். ‘கனவுகளின் முடிச்சு’ என்று யாரும் தேடுவதில்லை. ‘மதுரை சுங்குடிச் சேலை ஒரிஜினலா, பிரிண்டா – கண்டுபிடிப்பது எப்படி’ என்றால் தேடுவார்கள். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை விவரக் குறிப்பில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் சுங்குடியை எஸ் போட்டும் எழுதுகிறார்கள், சி எச் போட்டும் எழுதுகிறார்கள், இரண்டும் இருக்கட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற தமிழ் வாடிக்கையாளர் பலர் தமிழில் பேசினாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்.

மகன் சொன்ன பிளாக்கைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் வாரம் ஒரு கட்டுரை எழுதும் பிளாக் உங்களுக்கு வேண்டியதில்லை, நாலைந்து பக்கம் போதும். வாடிக்கையாளர் போனில் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? சாயம் போகுமா, முதல் தடவை எப்படித் துவைப்பது, கஞ்சி போடலாமா, நீளம் எவ்வளவு, பிளவுஸ் துணி சேர்த்தா, ஒன்பது கெஜம் கிடைக்குமா, விலை ஏன் இவ்வளவு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம், கேள்வியே தலைப்பு. கூகுளின் பிளாகர் இலவசம். மகனைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வாயால் சொல்லுங்கள். போனிலேயே தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது, பிழை மட்டும் திருத்தினால் போதும். இந்தப் பக்கங்களைப் படமாகச் செய்து போடாதீர்கள், எழுத்தாகவே இருந்தால்தான் தேடலில் நன்றாக அகப்படும். துவைக்கும் முறைப் பக்கத்தின் இணைப்பை ஒவ்வொரு பார்சலோடும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘சாயம் போச்சு’ என்கிற புகாரில் பாதி குறையும். வீடியோ நாலு நாள் ஓடிவிட்டு அடங்கும். ‘சுங்குடி துவைப்பது எப்படி’ என்று மூன்று வருடம் கழித்து ஒருவர் தேடும்போது இந்தப் பக்கம் அப்போதும் அங்கே இருக்கும்.

பாட்காஸ்ட் இப்போதைக்கு வேண்டாம். கதை சொல்கிறவர், வாத்தியார், மருத்துவர், சட்டம் பேசுகிறவர் இவர்களுக்கு அது கைகொடுக்கும். அவர்கள் சரக்கு பேச்சுதான். புள்ளியைக் காதால் பார்க்க முடியாது. தவிர, புது ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவதில் பாட்காஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஏற்கெனவே தெரிந்தவரைக் கூடவே வைத்திருக்கத்தான் அது நல்லது. ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் மாமியாரையும் அவர் வயதுக்காரர்களையும் உட்காரவைத்து, அந்தக் காலத்தில் புள்ளிக் கணக்கு எப்படி, எந்த டிசைனுக்கு என்ன பெயர், சாயம் எப்படிக் காய்ச்சினார்கள் என்று பேசவிட்டுப் பதிந்து வையுங்கள். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்களென்றால் அந்த மொழியிலேயே பேசட்டும். பாட்காஸ்ட் ஆகிறதோ இல்லையோ, பத்து வருடம் கழித்து அந்தப் பேச்சு வேறெங்கும் கிடைக்காது. பிறகு எப்போதாவது வெளியிடத் தோன்றினால் ஸ்பாட்டிஃபையில் இலவசமாக ஏற்றலாம், யூடியூபிலும் பாட்காஸ்டாகவே போடலாம்.

அடுத்து, சேனலில் பத்தாயிரம் பேர் சேர்ந்தாலும் அவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, அந்த நிறுவனத்தின் பார்வையாளர்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை வந்தபோது பல பேருடைய லட்சக்கணக்கான பின்தொடர்பவர்கள் ஒரே ராத்திரியில் கைவிட்டுப் போனார்கள். அதனால் விசாரிக்கும் ஒவ்வொருவரையும் வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் கேட்டலாக் என்று சேலைகளைப் படம், விலையோடு அடுக்கி வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். பார்சல் அனுப்பும்போதே ‘நம்பரை சேவ் பண்ணிக்கோங்க’ என்று எழுதி வையுங்கள்.

இதற்குத் தனி சிம் வாங்குங்கள், வீட்டு எண்ணை வீடியோவில் போடாதீர்கள். பெண் குரல் கேட்டாலே இரவு பதினொரு மணிக்குக் கூப்பிடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. பணம் வந்ததை ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நம்பாமல் வங்கிக் கணக்கில் பாருங்கள். ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். பணம் வாங்க யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. விலையைப் பின்னூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘இன்பாக்ஸில் வாங்க’ என்று பதில் வந்தாலே பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள்.

யூடியூபே பணம் தருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர்களோடு, 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வையோ வேண்டும். அதைத் துரத்தினால் சேலையை விட்டுவிட்டுச் சமையல் சவாலில் இறங்கிவிடுவீர்கள். முந்நூறு பேர் பார்த்து மூன்று பேர் வாங்கினால் உங்களுக்கு அது நல்ல வீடியோ. காசு கொடுத்து வீடியோவை அதிகம் பேருக்குக் காட்டவைக்கும் பூஸ்ட்டை, எந்த வீடியோவிலிருந்து உண்மையில் ஆர்டர் வருகிறது என்று தெரிந்தபிறகு, அந்த ஒன்றுக்கு மட்டும் சின்னத் தொகையில் செய்து பார்க்கலாம். அதுவரை வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்களும், வெயிலுக்குப் பருத்தி தேடுகிறவர்களும் பங்குனியிலேயே விசாரிக்கத் தொடங்குவார்கள். தை மாதமே வீடியோக்களைப் போட்டு வையுங்கள்.

காப்பி விஷயம். டிசைனைக் காப்பியடிப்பார்கள், அதைத் தடுப்பது கடினம். புதுசாக வரைந்த புள்ளிக்கோலத்தைக் கொஞ்சம் விற்று முடித்த பிறகே வீடியோவில் அருகில் காட்டுங்கள். உங்கள் வீடியோவையே எடுத்துத் தங்கள் பிரிண்ட் சேலைக்கு விளம்பரமாகப் போடுவதுதான் அதிகம் நடக்கிறது. அதற்கு வழி இருக்கிறது: யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் காப்புரிமைப் புகார் படிவம் நிரப்பினால் எடுத்துவிடுவார்கள், அசல் கோப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். வீடியோவின் ஓரத்தில் இல்லாமல் துணிமேலேயே விழும்படி உங்கள் கடைப் பெயரைப் போட்டால் வெட்டி எடுப்பது சிரமம்.

மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்கிற சட்டப்படியான அடையாளம், கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்த, உற்பத்தி செய்கிறவர் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தன் பெயரைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னையில் இருக்கிறது. கைத்தறித் துறை அலுவலகத்திலோ உங்கள் சங்கத்திலோ விசாரித்து விண்ணப்பம் போடுங்கள். பதிவு எண் கையில் வந்ததும் எல்லா வீடியோவின் குறிப்பிலும், வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும், பார்சல் அட்டையிலும் அதை எழுதிவிடுங்கள்.